இன்னொருக்கா பாரு

வரைபடத்தில் இருந்த அளவு 62.5. ஒரு பம்ப் உறையின் வாய்ப்பகுதி விட்டம். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த அளவுக்குப் போனேன். வழக்கம்போல ஒருமுறை திரும்பி வந்து பார்த்தேன். 26.8 என்று இருந்தது. மூன்றாவது முறை பார்த்தபோது அது எண்ணாகவே இல்லை. எழுத்து மாதிரியும் கோலம் மாதிரியும் ஏதோ நெளிந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் ஆபீஸில் இல்லை. பீளமேட்டில் என் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறேன். இது கனவு.

புரிந்ததும் எல்லாமே துலக்கமாகிவிட்டது. மேசை மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மின்விசிறியின் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து வெளியே பறந்து போகலாம் என்று எழுந்தேன். போகிற வழியில் சுவரில் ஒரு காலண்டர். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கான தேதி அதில் வட்டமிட்டிருந்தது. ஐயோ, இன்னும் கட்டவில்லையே என்று கைப்பையைத் தேட ஆரம்பித்தேன். அவ்வளவுதான். கனவு என்பதே மறந்துபோய், கண் விழிக்கும்வரை கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுக்களைக்குள் எதையோ எடுக்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பது எனக்கு அன்றாடம் நடக்கிற விஷயம். அதே நான்தான் கனவுக்குள்ளும் இருக்கிறேன் என்பது அன்று காலைதான் உறைத்தது.

எனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். என்னிடம் மிகை இயக்கம் வெளியே தெரியாது, கவனம் நழுவுவது மட்டும்தான் தெரியும். 2021-இல், ஆன்லைன் வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்ற என் மகளை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் அவளுக்காகக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளுக்குள் நான் எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொருளைத் தொலைப்பது, பாதியில் விடுவது, பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே வேறெங்கோ போய்விடுவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இந்தக் குறைபாட்டில் மரபுவழியின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை இருக்கிறது. பிள்ளைக்கு வந்தபிறகு தாயோ தகப்பனோ தன்னைக் கண்டுபிடிப்பது அபூர்வமில்லை என்றார் மருத்துவர். இரண்டு மாதம் கழித்து, 37 வயதில், எனக்கும் அதே பெயர் எழுதப்பட்டது. வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முப்பது வருடமாகத் தூக்கிச் சுமந்த மூட்டையின்மேல் ஒரு சீட்டு ஒட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டு வந்தபிறகுதான் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது. கனவும் அதற்குள் இருந்தது.

கனவுக்குள் இருந்துகொண்டே இது கனவு என்று தெரிந்துகொள்வதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். நான் தெளிவுக் கனவு என்று சொல்லிக்கொள்கிறேன். சின்ன வயதிலேயே எனக்கு இது உண்டு. ஒன்பது பத்து வயதில் லாரி துரத்துகிற கனவு அடிக்கடி வரும். கனவில் கண்ணை இறுக்க மூடித் திறந்தால் விழித்துவிடலாம் என்று நானாகவே கண்டுபிடித்திருந்தேன். அம்மாயியிடம் சொன்னபோது தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு வைத்தாள். சில விடியல்களில் விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல் கிடந்திருக்கிறேன். அதையும் அவளிடம்தான் சொன்னேன். அமுக்குப் பேய் என்றாள். கனவு காணும் உறக்கத்தில் மூளை உடலின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது, விழிப்பு முந்திக்கொண்டால் அந்தக் கட்டு அவிழச் சில நொடிகள் பிடிக்கும் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அந்த இரும்புத் துண்டு எனக்குத் தந்த தைரியத்தை இன்றும் மதிக்கிறேன்.

அந்தக் கட்டுக்குள் அடங்காதவை கண்கள். அதை வைத்துத்தான் தெளிவுக் கனவு உண்மை என்று நிரூபித்தார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவரைக் கருவிகளோடு தூங்க வைத்தார். கனவுக்குள் விழிப்பு வந்ததும் கண்ணை இடமும் வலமுமாக, முன்கூட்டியே பேசிவைத்தபடி அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வோர்ஸ்லி அசைத்தார், கருவி அதைப் பதிவுசெய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் தனியாக இதையே செய்து காட்டினார். 2021-இல் நான்கு நாட்டு ஆய்வுக்குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவர்களிடம் சின்னக் கணக்குகளைக் கேட்டு, கண்ணசைவால் விடை வாங்கின. தூங்குகிறவர் எட்டிலிருந்து ஆறைக் கழித்து இரண்டு என்று கண்ணால் சொல்கிறார்! இதைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

சரி, கவனக் குறைபாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏடிஹெச்டி இருந்தால் தெளிவுக் கனவு தானாக வரும், அது ஒரு வரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி நேர்கோடு போட ஆதாரமில்லை. என் அனுபவத்தையும் நான் படித்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் குறைபாடு சில இடங்களில் கதவைத் திறந்து விடுகிறது, அதே கையால் இன்னொரு கதவைச் சாத்துகிறது.

முதலில் தூக்கத்தின் நேரம். எனக்குப் பன்னிரண்டரைக்கு முன்னால் தூக்கம் வந்ததே இல்லை. சோம்பேறித்தனம், செல்போன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில், தூங்க ஆரம்பிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு தூக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பே சுமார் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது என்று நெதர்லாந்தில் சாண்ட்ரா கூயி குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். கனவு அடர்த்தியாக வரும் உறக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போய் விடியலில்தான் மிக நீளமாக இருக்கிறது. தாமதமாகத் தூங்கி ஆறு மணி அலாரத்துக்கு எழுகிறவள் அந்தக் கடைசி நீளச் சுற்றை வாரம் முழுக்க இழக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை தூங்கும்போது அது வட்டியும் முதலுமாக வருகிறது. என் தெளிவுக் கனவுகளில் பெரும்பாலானவை ஞாயிறு காலையில்தான் வந்தன. இதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வாரக் கடனின் வசூல்.

இரண்டாவது, பகல் கனவு. பேருந்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் வேறொரு வீட்டில் வாழ்ந்துவிட்டு இறங்குகிறவள் நான். மனக்காட்சியை உருவாக்கி அதற்குள் நடமாடுவது எனக்குப் பழக்கப்பட்ட வேலை. ஆனால் இது தெளிவுக்கு உதவவில்லை, கனவின் வண்ணத்துக்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன். கனவில் ஈர்ப்பு கூடக்கூட நான் அதில் மூழ்கிப்போகிறேன், தெளிவு போய்விடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஆவாரம்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். கூலன்ட் எண்ணெயின் வாசனையும் இரும்புச் சுருளும்தான் என் சின்ன வயது. அவர் எனக்கு வெர்னியர் என்ற நுண் அளவுகோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் ஒவ்வொரு முறையும் தவறாகப் படிப்பேன். அளவு தெரியாததால் அல்ல, படித்து முடிப்பதற்குள் மனம் போய்விடும். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. "இன்னொருக்கா பாரு சாமி" என்பார். நான் திரும்பப் பார்ப்பேன். சரியாகச் சொன்னாலும், "இன்னொருக்கா பாரு." அவருக்கு ஏடிஹெச்டி என்ற வார்த்தை தெரியாது. தன் பிள்ளையின் முதல் பார்வையை நம்ப முடியாது, இரண்டாவது பார்வையை நம்பலாம் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார். 2016-இல் காலமாகிவிட்டார்.

இன்று நான் பம்ப் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதே அந்த ஒரு வாக்கியத்தால்தான். வீட்டிலும் அப்படித்தான். சிலிண்டரை மூடிவிட்டு ஒருமுறை திரும்பி வந்து பார்ப்பேன். கேட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். தெளிவுக் கனவுக்கு ஆய்வாளர்கள் சொல்லித் தரும் முக்கியமான பயிற்சிகளில் ஒன்றும் இதுவேதான்! பகலில் அடிக்கடி நின்று, நான் விழித்திருக்கிறேனா என்று சோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு வரியைப் படித்து, கண்ணை எடுத்து, திரும்பப் படிக்க வேண்டும். நனவில் எழுத்து அப்படியே இருக்கும், கனவில் பெரும்பாலும் மாறியிருக்கும். வாயை மூடி, மூக்கை விரலால் அடைத்து மூச்சு இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை, கனவில் மூச்சு வந்துவிடும். யாருடைய பயிற்சியும் இல்லாமல் எனக்கு வரைபடத்தில் எண் மாறியது ஏன் என்று அப்போது விளங்கியது. கவனம் நழுவுவதால் எனக்குத் தெளிவு வரவில்லை. நழுவுகிறதே என்று ஊன்றிக்கொண்ட கோல்தான் கனவிலும் என் கையோடு வந்திருக்கிறது.

இனி சாத்துகிற கதவு. லாபெர்ஜ் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. விடியலில் விழிப்பு வரும்போது, "அடுத்து கனவு காணும்போது, இது கனவு என்று நினைவுகொள்வேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியபடி, அப்போது கண்ட கனவுக்குள் தெளிவோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டே தூங்க வேண்டும். பின்னால் செய்யவேண்டிய ஒன்றை உரிய வேளையில் நினைவுகொள்ளும் திறனை நம்பிய முறை இது. ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் உடைந்து கிடப்பதே அந்தத் திறன்தான். வரும் வழியில் மருந்துக்கடையில் நிற்க வேண்டும் என்பது எனக்குக் கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவுவரும். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதது அல்ல இந்தக் குறை, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாததுதான் என்று ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் விளக்குவார். அந்த வாக்கியத்தை மூன்றாவது முறை சொல்வதற்குள் என் மனம் நாளைய டிபன் டப்பாவுக்குப் போய்விடும்.

மூளையின் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 2015-இல் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், தெளிவுக் கனவு அதிகம் காண்பவர்களுக்கு முன்மூளையின் முனைப்பகுதியில் நரம்பணுக்கள் அடர்ந்த சாம்பல்நிறப் பொருள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். தன் எண்ணத்தைத் தானே கவனிக்கும்போது வேலை செய்கிற பகுதி அது. ஏடிஹெச்டியில் சிரமப்படுவதும் இந்த முன்மூளைச் சுற்றுவட்டாரம்தான். தெளிவு வருவது ஒரு பங்கு, வந்த தெளிவைப் பிடித்து வைப்பது மூன்று பங்கு. எனக்கு முதல் பங்கு வந்தது, மற்ற மூன்றில்தான் காலண்டரைப் பார்த்ததும் கைப்பையைத் தேடப் போனேன்.

2022-இலிருந்து இதை முறையாகப் பழகிப் பார்த்தேன். எனக்குப் பலித்ததையும் பலிக்காததையும் சொல்கிறேன். என்னைப் போன்ற மூளை உள்ளவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

கனவுக் குறிப்பு எழுதத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். மூன்று நோட்டு வாங்கினேன். அதிகபட்சம் ஐந்து நாள் எழுதினேன். பேனா தேடுவதற்குள் கனவு கலைந்துவிடும். கடைசியில் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். கண்ணைத் திறக்காமல், பக்கத்தில் படுத்திருப்பவர் எழாமல், மூன்றே வார்த்தை. "பட்டறை, தண்ணி, சித்தி." அது போதும். மூன்று வார்த்தையைக் கேட்டால் முழுக் கனவும் மேலே வந்துவிடுகிறது. விழித்ததும் புரண்டு படுக்காமல் அதே நிலையில் கிடந்தால் இன்னும் நன்றாக நினைவு வரும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பலருக்கு வித்தியாசம் தெரியும் என்று நம்புகிறேன்.

அடுத்து, மணிக்கு ஒருமுறை செல்போனில் அலாரம் வைத்துச் சோதனை செய்வது. இது எங்களுக்கு ஆகாது. நான்காவது நாளில் விரல் தானாகத் தள்ளிவிடும், காது அதைக் கேட்காது. புதிய பழக்கத்தை உருவாக்குவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தின் முதுகில் ஏற்றினேன். சிலிண்டர், கேட், வரைபட அளவு. மூன்றே இடம். திரும்பிப் பார்க்கும் அந்த நேரத்தில், அப்பாவின் குரலில் "இன்னொருக்கா பாரு" என்று சொல்லிக்கொண்டு, நிஜமாகவே சந்தேகப்பட்டு, இது கனவாக இருக்குமோ என்று கேட்பேன். சந்தேகம் நிஜமாக இருக்க வேண்டும், சடங்காகப் போனால் கனவிலும் சடங்காகவே போகும். ஆறாவது வாரம், கனவில் சிலிண்டரை மூடினேன். திரும்பினேன். திறந்திருந்தது. மூடினேன். திறந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை. ஏடிஹெச்டியோடு சிலருக்கு ஓசிடியும், அதாவது வேண்டாம் என்றாலும் ஒன்றையே திரும்பத் திரும்ப நினைக்கவும் செய்யவும் வைக்கிற கோளாறும், சேர்ந்தே இருக்கும். திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது உங்களுக்கு நிம்மதியைத் தராமல் பதற்றத்தைக் கூட்டுகிறது என்றால், தயவுசெய்து இந்தப் பழக்கத்தின்மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம். எது நனவு என்ற குழப்பம் பகலிலும் வருகிறவர்களும், மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர்களும் இந்தப் பக்கமே வரக் கூடாது. இதில் சமரசம் இல்லை.

லாபெர்ஜின் முறையை நான் முழுக்கக் கைவிடவில்லை, சுருக்கிக்கொண்டேன். வாக்கியத்தைச் சொல்வதில்லை. இப்போது கண்ட கனவிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்து, அதில் எண் மாறுவதைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் பிடித்துக்கொள்வேன், மனம் ஓடிவிட்டால் விரலின் பிடி திருப்பிக் கூட்டிவரும். வார்த்தையைவிடக் காட்சியும் தொடுதலும் என் மனதை அதிகநேரம் கட்டுகின்றன.

இப்போது நான் செய்த தவறு. ஐந்து மணி நேரத் தூக்கத்துக்குப் பின் அலாரம் வைத்து எழுந்து, சிறிதுநேரம் விழித்திருந்துவிட்டு மீண்டும் தூங்கினால் தெளிவுக் கனவு கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்திய ஆய்வில், இதையும் பகல் சோதனையையும் லாபெர்ஜ் முறையையும் சேர்த்துச் செய்தவர்களின் முயற்சிகளில் 17 சதவீதம் பலித்தது. பயிற்சி முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது கிட்டத்தட்ட 46 சதவீதம். ஐந்து நிமிடத்தில் தூங்குவது என்பதுதான் சூட்சுமம். நான் ஐந்தரை மணிக்கு எழுந்தால், வேலைக்குக் கிளம்பும்வரை தூங்க மாட்டேன். செல்போன் கைக்கு வரும், படித்துக்கொண்டே போவேன். இப்படி மூன்று வாரம் தூக்கத்தை உடைத்தேன். கனவு இரண்டு வந்தது. மூன்றாவது வாரக் கடைசியில், பழைய திருத்தத்தின் வரைபடத்தைப் புதியது என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ஒரு தொகுதி வார்ப்படங்கள் வீணாயின. யாரும் என்னைப் பெரிதாகக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்று மாலை அந்த இரும்புக் குவியலைப் பார்த்தபோது, அப்பாவின் பட்டறையில் கடைந்துகொண்டிருக்கும் ஒரு ஜாப், ஒரு இரும்புத் துண்டு, வீணானால் அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

தூக்கம் குறைந்தால் ஏடிஹெச்டி இல்லாதவருக்கே கவனம் குலையும். நமக்கு அது ஏற்கெனவே ஓட்டைப் பானை. கனவுக்காகத் தூக்கத்தை விற்பது கூடவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன். அதன்பிறகு வேலை நாளில் அலாரம் வைத்ததில்லை. தானாக விழிப்பு வந்தால் மட்டும்தான். அப்புறம் மார்கழி வந்தது. தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே பாட ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். அந்த வருடம் பதினோரு மணிக்கே படுத்துப் பழகியிருந்ததால், ஐந்தரை மணி நேரம் தூங்கி முடித்த வேளையில் பாட்டு என்னைத் தொட்டு எழுப்பியது. குளிரில் போர்வையை விட்டு வர மனமில்லை, செல்போன் ஹாலில் இருந்தது. பாட்டைக் கேட்டபடியே மறுபடி தூங்கிப்போனேன். அந்த ஒரு மாதத்தில் வந்த அளவுக்குத் தெளிவுக் கனவுகள் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வரவில்லை.

பதினோரு மணிக்குப் படுக்க முடிந்ததற்குச் சிகிச்சையும் காரணம். மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மாத்திரையைக் காலையில் போடும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நான் ஒருமுறை மறந்து மாலை மூன்றரைக்கு விழுங்கிவிட்டு இரவு இரண்டு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நேரத்தில் கறாராக இருக்கிறேன். மாத்திரை என் கனவுகளைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ சொல்ல மாட்டேன். பகலை ஒழுங்குபடுத்தியது, பகல் ஒழுங்கானதும் இரவு கொஞ்சம் ஒழுங்கானது. கனவுக்கென்றே கேலன்டமைன் என்ற மருந்தைச் சிலர் வாங்கி விழுங்குகிறார்கள். அல்சைமர் நோய்க்குக் கொடுப்பது அது. லாபெர்ஜ் குழுவின் 2018 ஆய்வில் 121 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரையில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராமில் 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதம் பேருக்கும் தெளிவுக் கனவு வந்தது உண்மை. அது இதயத் துடிப்பை மெதுவாக்கக்கூடிய மருந்து என்பதும் உண்மை. ஏற்கெனவே ஏடிஹெச்டி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. நான் தொடவில்லை.

என் கனவுகளைப் பற்றி மருத்துவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விகளையும் இங்கே எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். படுத்த உடனேயே கனவு தொடங்குகிறதா? பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா? பலமாகச் சிரிக்கும்போது முழங்கால் தளர்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றேன். நார்கோலெப்சி என்ற தூக்க நோய் உள்ளவர்கள் தெளிவுக் கனவு மிக அதிகமாகக் காண்கிறார்கள். பாரிஸில் இசபெல் அர்னுல்ஃப் குழுவினர் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த நோயாளிகளுக்குக் கவனமும் சிதறும், அதனால் அது ஏடிஹெச்டி போலவே தெரியலாம். கவனக்குறைவும் தெளிவுக் கனவும் சேர்ந்து இருக்கிற ஒருவருக்கு அடியில் இருப்பது தூக்க நோயாகவும் இருக்கலாம். அந்த மூன்று கேள்வியில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தூக்க மருத்துவரைப் பாருங்கள்.

கனவில் தெளிவு வந்தபிறகு அதை எப்படிப் பிடித்து வைப்பது? உள்ளங்கைகளைத் தேய்க்கச் சொல்கிறார்கள். அது எனக்கும் உதவுகிறது, கையின் சூடு கனவைக் கெட்டிப்படுத்துகிறது. அதைவிட உதவியது, ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் வைத்துக்கொண்டு போனது. பறப்பது, கடலைப் பார்ப்பது, இறந்தவரைச் சந்திப்பது என்று பட்டியல் போட்டுப் போனால் முதல் காலண்டரிலேயே தொலைந்துவிடுவேன். சுவரைத் தொடுவது, அவ்வளவுதான் என்று போனால் தொட்டுவிட்டு வருவேன். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் "கனவு, கனவு" என்று வாய்விட்டுச் சொல்வேன். பகலில் கடைக்குப் போகும்போது "பால், தயிர், பால், தயிர்" என்று சொல்லிக்கொண்டே போகிறவள்தானே.

அந்த மார்கழியில் ஒருநாள் பட்டறைக்குள் நின்றேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நீலச் சட்டையில் முதுகு காட்டி நின்றார். எனக்குக் கனவு என்று தெரிந்தது. என் வேலை ஒன்றே ஒன்று, அவரிடம் சொல்வது. கையைத் தேய்த்துக்கொண்டு போனேன். "அப்பா, எனக்கு இருக்கிறதுக்கு ஒரு பேர் இருக்குதுங்கப்பா" என்றேன். அவர் திரும்பி, சூடான ஜாப்பை என் கையில் வைத்தார். "அளந்துட்டயா?" என்றார். வெர்னியரைப் பார்த்தேன். அதில் எண்களே இல்லை. இன்னொருக்கா பார்க்க மனம் வரவில்லை. அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விழிப்பு வரும்வரை.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கு மோசமான கனவுகள் வரும். ஜெர்மனியில் மைக்கேல் ஷ்ரெட்ல் செய்த ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளின் கனவுகளில் ஆபத்தும் கெட்ட முடிவும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் இருந்தன. என் லாரிக் கனவு நினைவுக்கு வந்தது. அவளுக்கு நான் தெளிவுக் கனவு எதுவும் பழக்கவில்லை, ஒன்பதரைக்குப் படுக்க வைப்பதைத்தான் பெரிய வேலையாக வைத்திருக்கிறேன். மாலையில் இருவரும் உட்கார்ந்து அவள் கெட்ட கனவை வரைவோம், முடிவை மட்டும் அவள் விருப்பப்படி மாற்றி வரைவாள். பள்ளிப் பேருந்து அவளை விட்டுவிட்டுப் போகும் கனவுதான் அதிகம். வரைகிறபோது நான் வேறொன்றும் சொல்வதில்லை, பேருந்தின் எண்ணைக் காட்டி, "இன்னொருக்கா பாரு" என்பேன்.

போன மாதம் ஒரு காலை, பல் தேய்க்கும்போது நுரையோடு வந்து நின்றாள்.

"அம்மா, பஸ் நம்பர் மாறிடுச்சு."

"அப்புறம் என்ன பண்ணின கண்ணு?"

"டிரைவர்கிட்ட நில்லுங்கன்னு சொன்னேன். நின்னுட்டாரு. ஆனா நான் ஏறல. நடந்தே வந்துட்டேன். பசிக்குதும்மா, தோசை ஊத்து."